வலிமையான தலைமையும் வலிமையான அறிவியலும்: ஒரு விதைக்காரரின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரை ஒன்று, ஒரு நாட்டின் அறிவியல் வலிமை அந்நாட்டு அரசியல் தலைமையின் வலிமையைப் பொறுத்தே அமைகிறது என்றும், தலைவர் உறுதியானவராக இருந்து அறிவியலில் தாமே நேரடியாக அக்கறை காட்டினால் ஆய்வுக்கூடங்கள் தாமாகவே தழைக்கும் என்றும் வாதிட்டிருந்தது. அதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைப் பற்றிச் சொல்லவே இந்தக் கடிதம். இடம் போதவில்லை என்றால் தாங்கள் சுருக்கிக்கொள்ளலாம். கோதுமையைப் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் வேளாண் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அதில் பெரும்பகுதி விதைப் பரிசோதனையில் கழிந்தது. வந்த மாதிரியிலிருந்து நானூறு விதைகளை எண்ணி எடுத்து, ஈரத்தாளில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி வைத்து, குறித்த நாளில் பிரித்துப் பார்த்து, எத்தனை முளைத்தன, எத்தனை முளைக்கவில்லை, எத்தனை கோணல்மாணலாக முளைத்தன என்று எழுதுகிற வேலை. நெல்லென்றால் நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும். எழுபத்தொன்பது முளைத்தால் அந்தக் குவியல் தேறாது. குவியலுக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் தேறாது. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த விதியைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்தவர்களே அறிவார்கள்.

எண்பதுகளின் நடுவில் இரண்டாண்டு காலம் ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் அயல்பணியில் இருந்தேன். அங்கே எட்டு நெல் ரகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் திடல் ஒன்று மூன்றாவது பருவமாக நடந்துகொண்டிருந்தது. மண்ணின் ஏற்றத்தாழ்வு முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ரகத்தையும் மூன்று வெவ்வேறு பாத்திகளில் நட்டிருந்தார்கள். வரப்போரப் பாத்தியில் இருந்த ரகம் நோஞ்சானாக நின்றது. அந்த நேரத்தில் ஒரு பெரிய மனிதர் பண்ணையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. முதல் நாள் மாலை மேலதிகாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “பாதையோரத்தில் இப்படி இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்?” என்று கேட்டார். அன்றிரவு பெட்ரோமாக்ஸ் விளக்கு வெளிச்சத்தில், பண்ணையின் மறுகோடியில் செழிப்பாக நின்ற வேறொரு ரகத்தை வேர் மண்ணோடு பெயர்த்து வந்து, இந்தப் பாத்தியில் நட்டு, தண்ணீர் கட்டினார்கள். பட்டுப்போன நாற்றுக்குப் பதிலாக வேறு நட்டது போல, பதிவேட்டில் “பாடு நிரப்புதல்” என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். மறுநாள் வந்தவர் கால்மணி நேரம்கூட நிற்கவில்லை. பச்சைப்பசேலென்று இருக்கிறது என்று பாராட்டினார், படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார். மூன்று பருவத்துக் கணக்கு அதோடு முடிந்தது.

வந்தவர் மீது எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. அவர் எதையும் கெடுக்கச் சொல்லவில்லை. நல்லெண்ணத்தோடு, அக்கறையோடுதான் வந்தார். அவர் கண்ணில் நோஞ்சான் பயிர் படக் கூடாது என்று நினைத்தவர்கள்தாம் கெடுத்தார்கள். தலைமை அறிவியலில் அக்கறை காட்டினால் போதும் என்று யாராவது எழுதும்போதெல்லாம் அந்தப் பெட்ரோமாக்ஸ் விளக்குதான் என் நினைவுக்கு வருகிறது.

தலைமையால் அறிவியல் வளர்ந்ததே இல்லையா என்று கேட்டால், வளர்ந்திருக்கிறது. நம் கண்முன்னேயே வளர்ந்திருக்கிறது. இந்தத் தலைப்பு வந்தாலே எல்லாரும் அணுசக்தியையும் விண்வெளியையும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் விதைக்காரன் என்பதால், பொள்ளாச்சிக்கு அருகே செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த, சி.எஸ். என்று அழைக்கப்பட்ட சி. சுப்பிரமணியத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரியின் அமைச்சரவையில் சி.எஸ். உணவு, வேளாண்மை அமைச்சரானார். அதற்கு முன் எஃகுத் துறையைக் கவனித்துக்கொண்டிருந்தவர். உணவுத் துறை என்றாலே யாரும் விரும்பி ஏற்காத காலம் அது. அமெரிக்காவின் பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வரும் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துத்தான் ரேஷன் கடைகளில் பங்கீடு நடந்தது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அந்த நிலையைக் கேலி பேசினார்கள். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் மழை பொய்க்கவே, 1966-ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கும் மேலான தானியத்தை நாடு இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. எங்கள் பள்ளியில் மதிய உணவோடு தந்த பால்பொடிகூட அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். அதன் வாசனை எங்கள் தலைமுறைக்கு மறக்காது.

இந்த நிலையில் பொறுப்பேற்றவர் முதலில் செய்த வேலை, பார்வைக்கு மிகச் சாதாரணமானது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். 1929-ல் வெள்ளையர் காலத்தில் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தை அன்றுவரை நிர்வாகப் பணி அதிகாரிகளே நடத்திவந்தார்கள். பருத்திக்கு ஒரு குழு, கரும்புக்கு ஒரு குழு, தேங்காய்க்கு ஒரு குழு என்று பயிர்வாரியாக ஆராய்ச்சி சிதறிக் கிடந்தது. நிறுவனங்கள் பலவும் அமைச்சகத்தின் நேரடிப் பிடியில் இருந்தன. பயிரை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர், எந்தப் பயிரை ஆராயலாம் என்று கோப்பு எழுதி, பயிரைப் பற்றி ஒன்றும் அறியாதவரிடம் ஒப்புதலுக்காகக் காத்திருந்தார். சி.எஸ். இந்த அமைப்பைக் கலைத்துக் கட்டினார். 1965-ல் கோதுமை ஆய்வாளரான பி.பி. பால் கழகத்தின் முதல் விஞ்ஞானி தலைமை இயக்குநராக அமர்ந்தார். பயிர்க்குழுக்கள் ஒழிக்கப்பட்டு, ஆராய்ச்சி நிறுவனங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஓர் அமைச்சர் தம் துறையின் கையிலிருந்த அதிகாரத்தைத் தாமே எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தார். நம் நிர்வாகத்தில் இது எவ்வளவு அரிதான செயல் என்பதைச் செயலகப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு வழக்கறிஞரானவர் சி.எஸ். தமக்கு அறிவியல் தெரியும் என்று அவரும் சொல்லிக்கொண்டிருக்கலாம். அப்படிச் சொல்லிக்கொள்ளாமல், எது தெரியாது என்பதைத் தெரிந்துவைத்திருந்தார்.

இரண்டாவது செயல் கோதுமை. மெக்சிகோவில் அமெரிக்கப் பயிர் விஞ்ஞானி நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகங்கள், உரமிட்டாலும் தலை சாயாமல் நிற்பவை. நம் உயர ரகங்களுக்குக் கூடுதலாக உரமிட்டால் கதிர் கனத்துப் பயிர் படுத்துவிடும். அதனால் உரம் போட்டும் பயனில்லாமல் இருந்தது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் டெல்லியில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 1963 மார்ச்சில் போர்லாக் இந்தியா வந்து வயல்களைச் சுற்றிப் பார்த்தார். சோதனைத் திடல்களில் முடிவுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் திடலில் விளைந்தது ஏழை உழவர் நிலத்தில் விளையுமா என்பது நியாயமான ஐயம். அதனால் உழவர்களின் சொந்த வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் போட்டுக் காட்டினார்கள். பாதையோரத்துக்குச் செடி பெயர்த்து நடுகிற விளக்கம் இல்லை இது; அக்கம்பக்கத்து உழவர் தினமும் வரப்பில் நடந்து பார்க்கிற விளக்கம்.

அதற்குப் பிறகும் எதிர்ப்பு அடங்கவில்லை. அயல்நாட்டு விதையை நம்பி நாட்டை அடகு வைக்கலாமா என்று இடதுசாரிகள் கேட்டார்கள். உரம் வாங்க அந்நியச் செலாவணி எங்கே இருக்கிறது என்று நிதித் துறை கேட்டது. உழவருக்குக் கட்டுபடியாகும் விலை கொடுத்தால்தான் புதிய விதையை நம்பி அவர் செலவு செய்வார் என்று சி.எஸ். வாதாட, அப்போதைய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அதை எதிர்த்தார். இருவரும் தமிழகத்துக்காரர்கள், சண்டை என்னவோ பஞ்சாபில் விளைய வேண்டிய கோதுமையைப் பற்றி! 1965-ல் வாங்கிய முதல் பெரிய தவணையான 250 டன் விதைக்கு நேர்ந்த கதி, என் தொழிலைச் சேர்ந்தவர்கள் படித்தால் நெஞ்சு பதறும். மெக்சிகோவில் கிடங்கில் பூச்சிக்காக அளவுக்கு மீறிப் புகையிட்டதில் விதையின் உயிர் பாதி போயிருந்தது. ஈரத்தாளில் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு ஐம்பதுகூடத் தேறாத விதை. பாகிஸ்தானுடன் போர் நடந்த நேரம் அது. விதை அளவை இரண்டு மடங்காக்கி விதையுங்கள் என்று போர்லாக் சொல்ல, அப்படியே விதைத்தார்கள். ஓர் அமைச்சர் பின்வாங்குவதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. சி.எஸ். பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டே, 1966-ல், 18,000 டன் விதைக்கோதுமையை மெக்சிகோவிலிருந்து தருவித்தார். அந்நாள்வரை உலகில் எந்த நாடும் ஒரே தடவையில் அவ்வளவு விதையை வாங்கியதில்லை. டெல்லியில் தம் அரசு பங்களாவின் புல்வெளியையும் உழுது குட்டைக் கோதுமையை விதைத்தார்.

விதை தேர்வு செய்தது விஞ்ஞானிகள். எந்த ரகம், எந்த மண், எத்தனை பாசனம் என்பதில் அமைச்சர் மூக்கை நுழைத்ததாகத் தெரியவில்லை. பயிர் பொய்த்திருந்தால் பழி யார் தலையில் விழும் என்பதில் மட்டும் ஐயம் இருந்திருக்காது. நாற்காலியைப் பணயம் வைப்பது அவருக்குப் புதிதும் இல்லை. 1965 பிப்ரவரியில் மொழிப் பிரச்சினைக்காக ஓ.வி. அளகேசனோடு சேர்ந்து பதவி விலகல் கடிதம் கொடுத்தவர்தானே அவர்.

பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் வருத்தமான பகுதி. 1967 தொடக்கத்தில் பொதுத்தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்ற முழக்கம் மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. அரிசி வரிசையில் பை பிடித்து நின்ற எங்கள் தெருக்காரர்களுக்கு மெக்சிகோ விதையைப் பற்றிச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். நாட்டின் உணவு அமைச்சர் சொந்த மண்ணிலேயே தோற்றார். வாக்காளர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை; வயிறு அடுத்த அறுவடை வரை காத்திருக்காது. அவர் விதைத்த கோதுமை முழுமையாக அறுவடைக்கு வந்தது 1968 வசந்தத்தில். 1964-65-ல் 1.23 கோடி டன்னாக இருந்த விளைச்சல் 1967-68-ல் 1.65 கோடி டன்னைத் தொட்டது. மூட்டை அடுக்க இடமில்லாமல் பஞ்சாபில் பள்ளிக்கூடங்களை மூடிக் கிடங்காக்கினார்கள். அவ்வாண்டு ஜூலையில் கோதுமைப் புரட்சிக்கு இந்திரா காந்தி அஞ்சல்தலை வெளியிட்டபோது, சி.எஸ். அமைச்சரும் இல்லை, நாடாளுமன்ற உறுப்பினரும் இல்லை.

அவருக்குப் பின் வந்த ஜெகஜீவன் ராம் கொள்கையைக் கலைத்துப்போடவில்லை. பி.பி. பாலும் தம் இடத்திலேயே இருந்தார். தலைவர் தோற்றார், திடல் தொடர்ந்தது. கட்டுரையாளர் ‘வலிமையான தலைமை’ என்று எதைச் சொல்கிறாரோ எனக்குத் தெரியவில்லை. நான் சொல்வது இதைத்தான். தாம் போன பிறகும் நடக்கும்படி ஒன்றை அமைத்துவிட்டு, அதன் பலன் பிறர் கணக்கில் சேர்வதைப் பொறுத்துக்கொள்ளும் வலிமை.

மற்ற வகை வலிமைக்கும் சான்று இருக்கிறது. அதுவும் இதே பயிரில், ஏறத்தாழ இதே காலத்தில்.

வேளாண் அறிவியலில், சோவியத் ஒன்றியத்தை ஆண்ட ஜோசப் ஸ்டாலினைவிட நேரடி அக்கறை காட்டிய தலைவர் எந்த நாட்டிலும் இருந்திருக்க மாட்டார். உலகமெங்கும் அலைந்து விதைகளைத் திரட்டி லெனின்கிராடில் மாபெரும் சேகரிப்பை உருவாக்கிய நிக்கோலாய் வவிலோவ், பயிர்களின் தாயகங்களைக் கண்டு சொன்ன மேதை. அவருடைய மரபியல் பொறுமையைக் கேட்டது. ஒரு நல்ல ரகத்துக்குப் பத்தாண்டுகூட ஆகலாம் என்றது. அதே நேரத்தில் ட்ரோஃபிம் லைசென்கோ என்பவர், விதையைக் குளிரில் வைத்துப் பழக்கினால் பயிரின் இயல்பே மாறும், அந்த மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும், இரண்டு மூன்று ஆண்டுகளில் விளைச்சலைப் பெருக்கிக் காட்டுகிறேன் என்றார். தலைமைக்கு எது இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1938-ல் லைசென்கோ வேளாண் அறிவியல் அகாதெமியின் தலைவரானார். 1940 ஆகஸ்டில் வவிலோவ் கைதானார். 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் இறந்தார். பசியைப் போக்க உலகத்து விதைகளையெல்லாம் தேடிச் சேர்த்தவர், சிறையில் பட்டினியால் உருக்குலைந்து மாண்டார். அதற்கிடையில் ஜெர்மானியப் படை லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தது. அவருடைய நிறுவனத்து ஆட்கள் டன் கணக்கான விதைகளுக்குக் காவல் இருந்தபடியே ஒவ்வொருவராகப் பட்டினியால் செத்தார்கள். நெல் சேகரிப்பைக் கவனித்துவந்தவர் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவே உயிர்விட்டார். ஒரு பொட்டலத்தையும் பிரிக்கவில்லை. விதைக் கிடங்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த ஒரு செய்தியைக் கைநடுங்காமல் என்னால் எழுத முடிவதில்லை.

1948 ஜூலை இறுதியில் தொடங்கிய அகாதெமியின் கூட்டத்தில் லைசென்கோ மரபியலை ஒரேயடியாகக் கண்டித்து உரையாற்றினார். அந்த உரையின் வரைவை ஸ்டாலினே தம் கைப்படத் திருத்திக் கொடுத்திருந்தார். எல்லா அறிவியலும் வர்க்கச் சார்புடையது என்று லைசென்கோ எழுதியிருந்த இடத்தில், கணிதம்கூடவா என்று ஓரத்தில் சிரித்துக் குறிப்பெழுதினாராம். ஆக, சிரிக்கத் தெரிந்த அளவுக்கு விவரமானவர்தான், ஆனாலும் விடவில்லை. கூட்டத்தின் கடைசி நாளன்று, தம் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு பார்த்து ஒப்புதல் அளித்துவிட்டது என்று லைசென்கோ அறிவித்தார். ஒரு பயிர் எப்படி வளர்கிறது என்ற கேள்விக்குக் கட்சிக் குழுவின் ஒப்புதல்! மரபியல் பாடநூல்கள் திரும்பப் பெறப்பட்டன, ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

அதே சோவியத் நாடுதானே 1957-ல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏற்றியது என்று கட்டுரையாளர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி, நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றும் விடை இது: ராக்கெட் ஏறுகிறதா விழுகிறதா என்பது சில நிமிடங்களில் எல்லார் கண்ணுக்கும் தெரிந்துவிடும், அதைப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மாற்றி நட முடியாது. வயலின் விடை பருவக் கணக்கில் மெல்ல வருகிறது. வருகிற வழியில் மேற்பார்வையாளர், பண்ணைத் தலைவர், மாவட்ட அதிகாரி என்று எத்தனையோ கைகளைக் கடந்து வருகிறது. லைசென்கோ தம் முறைக்குச் சான்றாகக் காட்டியவற்றில் பெரும்பகுதி, கூட்டுப் பண்ணைகள் நிரப்பி அனுப்பிய வினாத்தாள்கள்தாம். விளையவில்லை என்று எந்தப் பண்ணைத் தலைவர் எழுதுவார்? வேளாண்மை, மருத்துவம், சுற்றுச்சூழல் போன்று விடை தாமதமாக வரும் துறைகளில்தான் பயம் புகுந்தால் அறிவியல் முதலில் அழுகுகிறது. ராக்கெட்டை வைத்து நாட்டின் அறிவியல் நலத்தை அளப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1963-ல் சோவியத் ஒன்றியம் கனடாவிடமும் அமெரிக்காவிடமும் கோதுமை வாங்கியது. அதற்கு வறட்சியும் காரணம். பழி முழுவதையும் லைசென்கோ மீது போடுவது நேர்மையாகாது. 1964 அக்டோபரில், ஸ்டாலினுக்குப் பின் நாட்டை ஆண்ட குருஷேவ் பதவியிழந்த பிறகே, 1965 பிப்ரவரியில் லைசென்கோவை மரபியல் நிறுவனத்தின் இயக்குநர் பொறுப்பிலிருந்து நீக்க முடிந்தது. நம் நாட்டில் ஒரு கோதுமை விஞ்ஞானி ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். தலைவர் மாறினால்தான் தவற்றைத் திருத்த முடியும் என்ற நிலையில் இருந்த அமைப்பு ஒன்று. தலைவர் மாறினாலும் வேலை நிற்காதபடி அமைக்கப்பட்டது மற்றொன்று.

இப்படிச் சொல்வதால் நம் கதையை அப்பழுக்கற்றதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். 1968 ஜனவரியில், அறுவடைக்கு மூன்று மாதம் முன்னதாக, வாராணசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் சுவாமிநாதன் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மண்வளத்தைப் பேணாமல் தீவிர சாகுபடி செய்தால் நிலம் பாலையாகும், நிலத்தடி நீரைக் கணக்கின்றி இறைத்தால் அது வற்றும், நூற்றுக்கணக்கான உள்ளூர் ரகங்களை விட்டுவிட்டு ஒன்றிரண்டு ரகங்களையே எங்கும் பயிரிட்டால் ஒரே நோய் எல்லாவற்றையும் அழிக்கும் என்றார். புரட்சியின் பெயரில் அஞ்சல்தலை வருவதற்கு முன்பே, புரட்சியைச் செய்தவரே சொன்ன எச்சரிக்கை அது. விதையைக் கொடு என்று அவர் கேட்டபோது செவிசாய்த்த அரசுகள், இதைக் கேட்டபோது கைதட்டியதோடு சரி. பஞ்சாபில் நிலத்தடி நீர்மட்டம் எங்கே போய் நிற்கிறது என்பதை இன்று எல்லாரும் அறிவார்கள். அதற்குக் காரணமான கொள்முதல் கொள்கையையும் இலவச மின்சாரத்தையும் தொடுவதற்கு எந்தக் கட்சித் தலைமைக்கும் துணிவு வரவில்லை. நம் மாநிலத்திலும் பம்புசெட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் தேர்தலில் நிற்க யார் முன்வருவார்? இனிப்பான செய்தியோடு வரும் விஞ்ஞானியை வரவேற்பது எந்தத் தலைமைக்கும் முடியும்.

அமைப்பைத் திருத்தியதும் ஒரு தடவையோடு முடிந்த வேலையாக இருக்கவில்லை. 1972-ல், ஆராய்ச்சிக் கழகத்தின் கீழிருந்த டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இளம் விஞ்ஞானி ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். நாடாளுமன்றம் கொந்தளித்தது. முன்னாள் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் அமைந்த குழு விசாரித்து அறிக்கை தந்த பிறகே, விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கத் தனி வாரியமும், இடம் காலியானால்தான் பதவி உயர்வு என்ற நிலையை மாற்றிய புதிய பணி முறையும் வந்தன. விஞ்ஞானியைத் தலைவராக்கிய பிறகும், கீழே இருந்தவர்கள் பழைய கோப்பு முறையிலேயே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்கள் என்பதை ஓர் உயிர் போன பிறகுதான் கண்டுகொண்டோம்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு. சீனா இரண்டரை விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. தென்கொரியா ஐந்தை ஒட்டி நிற்கிறது. 2023-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை உருவாயிற்று. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய், அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்று அறிவித்தார்கள். 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி நிதியத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவற்றை வரவேற்கிறேன். அறக்கட்டளையின் ஆட்சிக் குழுவுக்குப் பிரதமரே தலைவராக இருப்பார் என்பதைக் கட்டுரையாளர் தம் வாதத்துக்குப் பெரும் சான்றாகக் காட்டியிருந்தார். எனக்கு அது அவ்வளவு தெளிவான நன்மையாகப் படவில்லை. நாட்டின் உச்சத்தில் இருப்பவர் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கையில், “இந்தத் திட்டம் தேறாது” என்று சொல்லக்கூடிய விஞ்ஞானி எத்தனை பேர்? எந்தக் கட்சிப் பிரதமர் உட்கார்ந்தாலும் எனக்கு இதே கேள்விதான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுவாமிநாதன் எச்சரித்த அந்த அறிவியல் மாநாடு, 2023 ஜனவரியில் நாக்பூரில் நடந்ததற்கு அடுத்த ஆண்டு நடக்கவே இல்லை. கடைசிக் காலத்தில் அதன் தரம் தாழ்ந்திருந்தது என்பது உண்மைதான். ஆனால் மேடை சரியில்லை என்றால் மேடையைச் செப்பனிட வேண்டும்.

என் பேத்தி ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் உப்பு நிலத்தைத் தாங்கும் நெல்லைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்பது 2023-ல் உயர்த்தப்பட்ட அளவு. அந்த அறிவிப்பு வந்த நாளில் வீட்டில் பாயசம் வைத்தோம். சென்ற ஆண்டு ஐந்து மாதம் அவளுக்கு ஒரு பைசாவும் வரவில்லை. கணக்கு எண் மாறியது என்றார்கள், இணையதளம் மாறியது என்றார்கள், பயன்பாட்டுச் சான்று போகவில்லை என்றார்கள். விடுதிக் கட்டணத்துக்கு என் ஓய்வூதியத்திலிருந்து அனுப்பினேன். மரக்காணம் பக்கம் உவர் நிலத்தில் அவள் போட்டிருந்த திடலுக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் இரண்டு முறை அளவெடுப்பு தவறிப்போயிற்று. பயிர் அவளுக்காகக் காத்திருக்குமா? பூக்கிற நாளில் பூத்துவிட்டது. அந்த இரண்டு கட்டங்களும் அவள் குறிப்பேட்டில் வெறுமையாக இருக்கின்றன. பேசாமல் ஒரு எண்ணைப் போட்டு நிரப்பிவிடு என்று கூடப்படிப்பவர்கள் சொன்னார்களாம். நிரப்பவில்லை என்று என்னிடம் சொன்னாள். என் ஆயுளில் நான் கேட்ட நல்ல செய்திகளில் அது ஒன்று.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறிவியலுக்கு இத்தனை கோடி என்று தலைவர்கள் அறிவிக்கும்போது தாங்கள் முதல் பக்கத்தில் வெளியிடுகிறீர்கள், வெளியிடத்தான் வேண்டும். அதோடு, மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் என்று அன்றாடம் ஒரு சிறு கட்டம் போடுகிறீர்களே, அதைப் போல மாதத்துக்கு ஒரு முறை இன்னொரு கட்டம் போடுங்கள்: அறிவித்த ஆராய்ச்சி நிதி எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு, தமிழ்நாட்டு ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகை கடைசியாக எந்த மாதத்துக்கு வந்து சேர்ந்தது. காவிரிக் கரையில் பிறந்த எங்களுக்கு அணையில் எத்தனை அடி என்பதை வைத்தே நாற்றங்கால் விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்து பழக்கம். இந்தக் கட்டத்தையும் அப்படியே படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விதைப் பரிசோதனை அலுவலர்,
கும்பகோணம்.